நூற்றில் பதினெட்டு

அருள்நகரின் மூன்று தெருக்களிலும் முறுக்கு தன்னாலேயே மடியத் தொடங்கிய வருஷம், அதைப் பற்றி எழுந்த முதல் புகார் அது டப்பாவுக்குள் அடங்கவில்லை என்பதுதான். பாளையங்கோட்டையில் கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வீட்டுக்கு வீடு எண்ணெய் காய ஆரம்பித்துவிடும். அந்த டிசம்பரில், ஒற்றைத் துளைத் தட்டுப் போட்ட அச்சிலிருந்து இறங்கிய மாவு எண்ணெயைத் தொட்டதும், பிழிகிறவள் கையை வட்டமாகச் சுற்றினாலும் சரி, சும்மா வைத்திருந்தாலும் சரி, படுக்க இடம் பார்க்கிற பூனைபோல ஒருமுறை நெளிந்து, தன் முனையால் தன் நடுவைத் தேடிப் பிடித்து, அதன் மேல் ஏறி, அடியில் புகுந்து, ஓர் இடத்தில் சுருளாகி இன்னோர் இடத்தில் பட்டையாகப் படுத்து, கடைசியில் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு வடிவத்தில் உட்கார்ந்து சிவந்தது. ஒருத்தி வீட்டில் அது சங்கு மாதிரி இருந்தது. இன்னொருத்தி வீட்டில் முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி மாதிரி. என் வீட்டில், சொல்லத்தான் வேண்டும், சண்டைக்கு நிற்கிற சேவல் மாதிரி.

காரணம் தேடியவர்களும் இருந்தார்கள். புதிதாகப் போட்ட போர்வெல் தண்ணீர் என்றார்கள், அரிசி மாறிவிட்டது என்றார்கள், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தேவசகாயம் வோல்டேஜ் பிரச்சினையாக இருக்கலாம் என்று கேஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு நாளில் அதெல்லாம் அலுத்துவிட்டது. பண்டிகைக்கு இருபது நாள் வைத்துக்கொண்டு காரணம் தேட எந்தப் பெண்ணுக்கு நேரம் இருக்கிறது. உயரமான டப்பா வாங்கினோம், வாய் அகன்ற பரணி வாங்கினோம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது உடையாமல் இருக்க மேலே தாளித்த அவல் போட்டு மூடிக் கொடுத்தோம், தெருவும் கோயிலும் பள்ளிக்கூடமும் வழக்கம்போல நடந்தன.

அதிசயம் வந்தால் அதை வைத்து முதலில் என்ன செய்வார்கள் என்றால், சொந்தக்காரர்களை அளப்பார்கள். தாயும் மகளும் பிழிந்தால் ஏறக்குறைய ஒரே வடிவம், அக்காவும் தங்கையும் பிழிந்தால் ஒரு மூலை மட்டும் மாறும், சித்தி மகள் பிழிந்தால் இரண்டு மூலை மாறும் என்று ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். மாமியார்களுக்குத்தான் பெரிய அடி. ‘இவ கை சரியில்லை’ என்று இனிச் சொல்ல முடியாது. மருமகளின் முறுக்கு அவள் அம்மா வீட்டைக் கொண்டு வந்து அடுப்பில் உட்காரவைத்தது, அதை எந்தத் திட்டும் நிமிர்த்தவில்லை. இரண்டாம் தெருவில் ரேஷன் கடை பால்துரையின் மகள் பிழிந்ததும் எதிர்வீட்டு ஸ்டீபன் சார் மகள் பிழிந்ததும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. அந்த இரண்டு வீட்டிலும் அந்த வருஷத்திலிருந்து பேக்கரியில் வாங்கிக்கொள்கிறார்கள், நாமும் ஒன்றும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் கவனித்தோம். காய்ந்த தட்டில் பிழிந்தால் மாவு மடியாது, நேராக விழும். அதில் எள், சீரகம், ஓமம், மிளகு நான்கும் வரிசையாக நிற்கும். எப்படிப் பிசைந்தாலும், எத்தனை தடவை பிழிந்தாலும், ஒருத்திக்கு ஒரே வரிசைதான். நூறு விதை. எனக்கு எள், எள், சீரகம், மிளகு, ஓமம் என்று தொடங்கும். என் தங்கை லில்லிக்கு எள், எள், சீரகம், மிளகு, எள். வரிசையை ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். வடிவம் அப்படியில்லை. எண்ணெயில் விழுந்து மடிந்து சிவந்து ஒரு மூலைகூட ஒடியாமல் முழுசாக வெளியே வருவது நூற்றில் ஒன்று, மற்றதெல்லாம் பாதி மடிப்பில் உடையும் அல்லது கரண்டியில் சிதறும். ஒரு முழு வடிவம் எடுக்க என் நாத்தனாருக்கு நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் அந்த வீட்டில் காலையும் மாலையும் உடைந்த முறுக்கைத்தான் டீயில் ஊறப்போட்டுச் சாப்பிட்டார்கள். ஆகவே முழுசாக வந்த வடிவங்களை ஊர் பத்திரப்படுத்தியது. கோயில் ஹாலில் எறும்பு ஏறாமல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்த அலமாரிகள், கண்ணாடிப் பரணிகள், குடும்பத்துக்கு ஓர் அலமாரித் தட்டு, பரணிக்கு ஒரு பெயர்ச்சீட்டு, பெரிய பதிவேடு. பதிவேட்டில் நான்கு பத்தி: பெயர், விதை வரிசை, வடிவம், யாருடையதை ஒத்தது.

வடிவம் எடுக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கும், மஸ்கட்டிலிருந்து தட்டில் பிழிந்த வரிசையை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கும் கிரேஸ் பத்மா டீச்சர் இருந்தார். முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் டீச்சர், பாதி ஊர் அவரிடம் வாழைப்பழம் வரைந்து மார்க் வாங்கியது. யார் வந்தாலும் டீச்சர் செய்வது இதுதான்: புதியவளின் விதை வரிசையை ஒரு நீளத்தாளில் எழுதுவார், அலமாரியில் வடிவம் தெரிந்த அவள் சொந்தக்காரியின் வரிசையை அதற்குக் கீழே எழுதுவார், எள்ளுக்கு எள்ளும் மிளகுக்கு மிளகும் நேர் நேராக வருகிற இடங்களை எண்ணுவார். நூற்றுக்கு எழுபது சேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். நாற்பது சேர்ந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு வரைவார். முப்பதுக்குக் கீழே போனால் ‘நாளைக்கு வா’ என்பார், அந்த நாளை வராது. சொந்தக்காரியின் வடிவத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, அவள் போன வழியிலேயே இவளையும் நடத்திக்கொண்டு போவார். அவளிடம் இல்லாமல் இவளிடம் மட்டும் அதிகமாக நாலு விதை இருந்தால், ‘இங்கன ஒரு சின்ன வளையம் போட்டுக்கிடுவோம்’ என்று மெல்லிய கோடாக வெளியே விடுவார். பிறகு அந்தப் பெண் கஷ்டப்பட்டு ஒரு முழு முறுக்கு எடுத்து வந்து வைத்துப் பார்த்தால், டீச்சர் படமும் அதுவும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும், வளையம் மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

என் மகள் ஜோஸ்லின் மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். ஈஸ்டருக்கு வந்தவளிடம் டீச்சர் வேலையைச் சொன்னபோது சாப்பிட்ட கையோடு சிரித்தாள்.

“ம்மா, நான் அங்க பண்றதும் இதேதான்.”

“முறுக்கா?”

“புரதம். அதுவும் ஒரு சரம்தான், நாலு விதைக்குப் பதிலா இருபது வகை மணி. மணி வரிசை ஈசியா கிடைச்சிரும். அது எப்படி மடிஞ்சு உக்காருதுன்னு நேரா பாக்கணும்னா வருஷக்கணக்காகும். அதனால, வடிவம் தெரிஞ்ச சொந்தக்காரப் புரதம் எதாவது இருக்கான்னு தேடி, வரிசைக்கு வரிசை பொருத்தி, அது மடிஞ்ச மாதிரியே இதையும் மடிச்சுப் பாப்போம். நாங்களும் முப்பதுக்குக் கீழ போனா பயப்படுவோம்.”

“இப்பல்லாம் கம்ப்யூட்டரே தானா சொல்லிருதாமே,” என்றார் இவர்.

“அதுவும் உலகத்துல உள்ள சொந்தக்காரங்களை எல்லாம் பாத்துப் படிச்சதுதான்பா. சொந்தமே இல்லாத ஒண்ணைக் குடுத்தா அதுவும் இழுக்கும்.”

சொந்தமே இல்லாத ஒன்று என்று அவள் சொன்னபோது மூன்று பேரும் கொஞ்ச நேரம் ரசத்தைப் பார்த்தோம். ஜோஸ்லினை நாங்கள் பெறவில்லை. பதினோரு மாதக் குழந்தையாக ஒரு காப்பகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தோம். அவளுக்கு நாலு வயதிலேயே சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் இழுத்துக்கொண்டிருக்கப் பிடிக்காது. ஊருக்கும் தெரியும். ஆனால் அருள்நகருக்கென்று ஒரு மரியாதை உண்டு: தெரிந்ததைத் தெரியாததுபோல் இருபத்தேழு வருஷம் வைத்துக்கொள்ளும். ‘அப்படியே வயலட் மூக்கு’ என்பார்கள். என் மூக்கு எனக்கே பிடிக்காது, அவளுடையது லட்சணமாக இருக்கும், இருந்தாலும் சொல்வார்கள். நானும் புன்னகைத்துக்கொண்டு நிற்பேன். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்கு எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற எதிலும் அதைக் கேட்டதில்லை, இதில் மட்டும் கேட்டேன், ஏனென்றால் எனக்கு வசதியாக இருந்தது.

அந்த ஈஸ்டர் திங்கட்கிழமை ஜோஸ்லின் விளையாட்டாகத் தட்டில் ஒரு சரம் பிழிந்து வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். மிளகு, ஓமம், ஓமம், எள், மிளகு, சீரகம். நான் என் வரிசையைப் பக்கத்தில் வைத்து எண்ணினேன். பதினெட்டு. வழியில் போகிற யாரை நிறுத்திப் பிழியச் சொன்னாலும் பதினெட்டோ இருபத்தைந்தோ சேரும். தட்டைக் கழுவிவிட்டிருக்க வேண்டும். அதற்குள் லில்லி வந்தாள், போனில் படம் எடுத்தாள், “அக்கா, நம்ம தட்டுல அவ பேருக்கு மட்டும் இடம் காலியா கெடக்கு, பாக்கவே நல்லால்ல,” என்று டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

டீச்சர் பத்து நாள் எடுத்துக்கொண்டார். பிறகு ஹாலில் எங்கள் தட்டில், என் சேவலுக்கும் லில்லியின் சேவலுக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று வந்தது: மூன்றாவது சேவல், எங்கள் இரண்டையும்விட அழகாக, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. கீழே ‘ஜோஸ்லின்’ என்று அவருடைய உருண்டைக் கையெழுத்து. அலமாரிகளைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்தின் செயலாளர் ஆசீர்வாதம் அண்ணாச்சி பதிவேட்டில் நாலாவது பத்தியில் ‘தாய்’ என்று எழுதி அடியில் கோடு போட்டார். லில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் ‘அப்படியே அம்மா’ என்றார்கள். எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்கப்போவதில்லை. மனசு குளிர்ந்துபோயிருந்தது. இனி ஒருத்தி வந்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நினைத்தேன். யார் அந்த ஒருத்தி என்று எனக்கே தெரியாது, இருபத்தேழு வருஷமாக அவள் வாசலில் வந்து நிற்பாள் என்று மட்டும் தெரியும்.

ஜூனில் ஜோஸ்லின் பெட்டி படுக்கையோடு வந்தாள். ஹாலுக்குப் போனவள் ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

“அதை எடுத்துருங்க.”

“எதுக்கு? அழகா இருக்கு.”

“அழகாத்தான் இருக்கும். தப்பா இருக்கிறதெல்லாம் அழகாத்தான் இருக்கும்.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “முத்துச்சிப்பி ஓட்டைக் கட்டுற புரதம் ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்தேன்ல. அதுக்கு உலகத்துல சொந்தம் இல்லை. எங்க சார் எதையோ தேடிப் பிடிச்சு, இதுதான் மாமா இதுதான் மச்சான்னு பொருத்தி, கலர் கலரா ஒரு படம் போட்டு, இதையே அச்சுக்கு அனுப்புன்னாரு. பதினேழு பொருத்தம்மா. முடியாதுன்னு சொல்லிட்டேன். ஆறு மாசம் வீட்டுல உக்காந்து யோசின்னு அனுப்பிட்டாரு. அங்க அதுக்கு முடியாதுன்னு சொல்லிட்டு இங்க வந்தா, அதையே என் பேரைப் போட்டு மாட்டி வச்சிருக்கே.”

“யாருக்கு என்ன நஷ்டம், ஏட்டி?”

“எனக்கு. நான் அங்க இல்லை.”

“இருக்கிறது ஒரு முறுக்கு. அதுக்கு இம்புட்டு வசனமா?”

“முறுக்குதானே, அப்ப எடு.”

நான் எடுக்கவில்லை. இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவள் மாவு அரைத்துக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினாள், நான் முன்னறையில் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்: சரம் விழும் சத்தம், உடையும் சத்தம், கரண்டி வைக்கும் சத்தம், பேனா கீறும் சத்தம். எண்ணெய்ச் சூடு, மாவின் ஈரம், உப்பு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். முதல் வாரம் உடைந்தது, இரண்டாம் வாரம் உடைந்தது, மூன்றாம் வாரம் உடைந்ததை இவர் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பங்கிட்டார், அவர்களும் சலித்து இனிப்பாக ஏதும் இல்லையா என்று கேட்டார்கள். எனக்கு அவள் செய்கிற தவறு தெரியும். தீ அதிகம். நான் சொல்லவில்லை. உடையட்டும் என்றுதான் இருந்தேன்; ஒரு தாய் எழுதக்கூடாத வாக்கியம் இது, எழுதிவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு வியாழக்கிழமை, கோயில் பெண்கள் கூட்டம் முடிந்து, சாவி என் முறை என்று ஹாலைப் பூட்டப் போனேன். நாசரேத்திலிருந்து வந்த யாரோ இரண்டு பெண்களுக்கு டீச்சர் எங்கள் தட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் நாசூக்கு தெரியாதவர்கள், ஒருத்தி கேட்டாள், “இதுல ஏன் டீச்சர் இத்தனை புள்ளிக்கோடு?”

“அது வரிசை சேராத இடம்மா. இங்கன ரெண்டு இடம் விட்டேன், சேந்துச்சு. அங்கன நாலு இடம் விட்டேன், சேந்துச்சு.”

“அப்ப இந்தப் பிள்ளைக்கு அதிகமா இருக்க விதை?”

“அதை வெளிய ஒரு வளையமா விட்டுட்டேன்.”

நான் பக்கத்தில் போனேன். இரண்டு மாதமாகத் தினம் பார்த்து மகிழ்ந்த படத்தை அன்றுதான் பார்த்தேன். சேவலின் வால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய வளையம்.

“எவ்வளவு விதை, டீச்சர், அந்த வளையத்துல?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாப்பது இருக்கும், வயலட்.”

நூற்றில் நாற்பது. அவளிடம் இருந்ததில் என்னோடு சேராததையெல்லாம் மூட்டை கட்டி வெளியே தொங்கவிட்டு, என்னிடம் இருந்ததில் அவளோடு சேராததையெல்லாம் புள்ளி வைத்து நிரப்பி, மூவரும் சேர்ந்து, டீச்சரும் லில்லியும் நானும், ஒரு நல்ல படம் செய்திருந்தோம். அது அவள் படம் இல்லை. அது என் படம், அங்கங்கே அவளை வெட்டி எடுத்துவிட்ட என் படம். சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். டீச்சர் தடுக்கவில்லை; அவர் முகத்தில், இந்தக் கணக்கை யாராவது கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று பல நாள் காத்திருந்தவரின் களைப்பு இருந்தது.

“நல்லதுக்குத்தான் செஞ்சேன்,” என்றார்.

“தெரியும் டீச்சர். நல்லது செஞ்சே நம்ம அவளை இல்லாம ஆக்கிட்டோம்.”

வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்றவளைத் தோளால் தள்ளிவிட்டுத் தீயைக் குறைத்தேன்.

“கொதிக்கிற எண்ணெயில போட்டா அது பயந்துக்கிட்டு வேகும், மடியாது. சூடு ஏறும்போது விடாத, அடங்கும்போது விடு. சத்தத்தைக் கேளு.”

ஜோஸ்லின் என்னையும் என் கையிலிருந்த சட்டத்தையும் பார்த்தாள். “இவ்வளவு நாள் இது தெரியும்ல உனக்கு?”

“தெரியும்.”

“ஏன் சொல்லலை?”

“சொல்லப் பிடிக்கலை. இப்ப சொல்லுதேன். மாவை எடு.”

அதற்குப் பிறகு பதினொரு நாள் இரண்டு பேரும் எண்ணெய் அடங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அச்சைப் பிடித்தது எல்லாம் அவள் கைதான், நான் தீயை மட்டும் பார்த்துக்கொண்டேன். பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு, பால்காரன் கணக்கைக் கேட்டு வாசலில் கத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு சரம் இறங்கி, நெளிந்து, சேவல் நிற்கிற பக்கமே திரும்பாமல், நடுவில் ஒரு குழியை விட்டு அதைச் சுற்றிச் சுற்றி ஏழு இதழாக ஏறி, மூடாமல் திறந்தபடியே சிவந்து, முழுசாகக் கரண்டியில் வந்து உட்கார்ந்தது. அப்படி ஒன்றை அலமாரியின் நூற்று நாற்பது பரணியிலும் நான் பார்த்ததில்லை. இவர் போய்ப் பால்காரனை நாளைக்கு வரச் சொன்னார்.

ஸ்தோத்திரப் பண்டிகை ஞாயிறு ஆராதனை முடிந்து, ஏலத்துக்கு வந்த பூசணிக்காயும் வாழைத்தாரும் ஹாலில் அடுக்கியிருந்த நேரத்தில் பரணியைக் கொண்டுபோனோம். ஜனம் பூசணியை விட்டுவிட்டு எங்களைச் சுற்றியது. ஆசீர்வாதம் அண்ணாச்சி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், பதிவேட்டைத் திறந்து விரலை நாலாவது பத்தியில் வைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்க தட்டு வரிசையில சேராதே, வயலட்டம்மா.”

“சேராது.”

“குடும்பம் குடும்பமா அடுக்கியிருக்கோம். ஒத்துப்போகாததை நடுவுல வச்சா முறை தப்பிரும். நாளைக்கு ஆளாளுக்கு எதையாவது கொண்டு வருவாக.”

“கொண்டு வரட்டும்.”

லில்லி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, டீச்சர்கிட்ட இன்னொரு தடவை பொருத்திப் பாக்கச் சொல்லுவோம். கொஞ்சம் இடம் விட்டா…”

“சித்தி,” என்றாள் ஜோஸ்லின், மெதுவாகத்தான் சொன்னாள், “அவ்வளவு இடம் விட்டா எவ வீட்டு முறுக்கும் எவ வீட்டு முறுக்கோடயும் சேரும். ஆசீர்வாதம் மாமா முறுக்கு நம்ம பால்காரரோட சேரும்.”

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. “அப்ப நாலாவது பத்தியில என்னன்னு எழுத? யாருடையதை ஒத்ததுன்னு கேட்டிருக்கு.”

ஊர் என்னைப் பார்த்தது. அத்தனை முகத்திலும் அந்த மரியாதை இருந்தது, இருபத்தேழு வருஷம் வெந்து பதமாகிப்போன மரியாதை. நான் ஏதாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூரத்துச் சொந்தம் என்றோ இவர் வழியில் யாரோ என்றோ, அதை அப்படியே வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளத் தயாராக இருந்தது.

“இவளை நாங்க பெறலை,” என்றேன். “வளத்தோம். உங்க எல்லாருக்கும் தெரியும், நீங்க சொல்லாம இருந்திய, நான் சொல்லவிடாம இருந்தேன். இனி அந்த வேலை யாருக்கும் வேண்டாம். நாலாவது பத்தியில ஒண்ணும் எழுதாதிய. ஒத்துப்போறவுகளுக்கு மட்டும்தான் தட்டுன்னா, அண்ணாச்சி, உங்க வீட்டு மருமக முறுக்கை முதல்ல எடுங்க, அப்புறம் எங்க தட்டுல இருக்க என் வீட்டுக்காரரோடதை எடுங்க. எங்க தட்டு எங்களுக்கு. அதுல யாரு இருக்கான்னு நாங்க சொல்லுவோம்.”

இவர், ஆயுசில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “என்னோடதையே எடுத்துட்டு அந்த இடத்துல இதை வைங்க, அது நமுத்துப்போச்சு,” என்றார்.

யாரும் எதையும் எடுக்கவில்லை. வைக்கவும் இல்லை. அப்போது கிரேஸ் பத்மா டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பரணியைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் வாழைப்பழம் பார்த்த கண். கடைசியில் ஜோஸ்லினைக் கூப்பிட்டார்.

“இந்தக் குழிக்குள்ள திரும்புறது எத்தனாவது விதை?”

“முப்பத்தாறு, டீச்சர்.”

“நான் வெளிய தொங்கவிட்டேனே அந்த நாப்பது, அது எங்க இருக்கு?”

ஜோஸ்லின் விரலால் காட்டினாள். அந்த நாற்பதும் உள்ளே இருந்தன. குழியின் சுவரே அந்த நாற்பதுதான். அதன் மேல்தான் மற்றதெல்லாம் ஏறி நின்றது. டீச்சர் வெகுநேரம் தலையை ஆட்டினார். பிறகு பையிலிருந்து புதிய டிரேசிங் தாளை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்து, எல்லாரும் பார்க்க, ஏலம் எல்லாம் நிற்க, எதையும் விடாமல் எதையும் நிரப்பாமல், இருந்ததை இருந்தபடி வரையத் தொடங்கினார். வரைந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“செயலாளர், முன்ன எழுதினதை அடிச்சிருங்க, நாலாவது பத்தியை விடுங்க. முதல் பத்தியில பேரை எழுதுங்க. இது மாதிரி இனி யாராவது வந்தா, இதைப் பாத்துத்தான் நான் வரையணும்.”

அண்ணாச்சி எழுதினார். பேனா பலமாக அழுந்தியது, அடுத்த பக்கம்வரை பதிந்திருக்கும். பரணி எங்கள் தட்டுக்கு வந்தது. இரண்டு சேவலுக்கு நடுவே அது திறந்த வாயோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க நன்றாக இருக்கவில்லை, பொருத்தமாகவும் இருக்கவில்லை, எனக்கு வேறெங்கும் பார்க்கத் தோன்றவுமில்லை.

அண்ணாச்சி பயந்ததுபோலவே ஆளாளுக்குக் கொண்டு வந்தார்கள். ‘நாளைக்கு வா’ என்று டீச்சர் அனுப்பியவர்கள் எல்லாம் வந்தார்கள். தாய்வீட்டுப் பெயரைச் சொல்லாமலே இருபது வருஷம் குடித்தனம் செய்தவள் வந்தாள். புனலூரில் ரயிலில் யாரோ குழந்தையாகக் கண்டெடுத்து வளர்த்த ஒரு கொத்தனார், அறுபது வயது, தட்டைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். காப்பகத்துப் பிள்ளைகள் ஆயாவோடு வரிசையாக வந்து, ஆளுக்கொரு தட்டை ஜோஸ்லினின் வரிசைக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினார்கள். பதினாறு, இருபது, பத்தொன்பது. சேராதவர்களுக்கு ஜோஸ்லின் தீயைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அலமாரி போதாமல் ஜன்னல் விளிம்பெல்லாம் பரணி ஆயிற்று. ஊர் அதையும் பழகிக்கொண்டது. இரண்டு மாதத்தில் அது எப்போதும் அப்படித்தான் என்பதுபோல், ஜன்னல் திறக்க முடியவில்லை, வியர்க்கிறது என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டது.

ஆறு மாதம் முடிந்து ஜோஸ்லின் மதுரைக்குக் கிளம்புகிற அன்று காலை, சிப்பிக்குச் சொந்தம் கிடைக்காவிட்டால் சிப்பியையே நேராகப் பார்க்கப் போகிறேன், எத்தனை வருஷமானாலும், என்று சாருக்கு எழுதியிருப்பதாகச் சொன்னாள். அவர் இன்னும் பதில் போடவில்லை. நான் அவள் துண்டைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தேன்.

“பயமா இருக்கா, ம்மா?”

“எதுக்கு?”

“அங்க ஹால்ல என்னுது எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருக்கு. நாளைக்கு ஒருத்தி, நூத்துக்கு எண்பது சேருற மாதிரி ஒரு தட்டைத் தூக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நின்னா?”

இதைத்தான் நான் ஈஸ்டரிலிருந்து, இல்லை, அவளுடைய பதினோராம் மாதத்திலிருந்து, சமைக்கும்போதும் ஜெபிக்கும்போதும் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியின் ஜிப் சிக்கிக்கொண்டது. முழங்காலை வைத்து அழுத்தி இழுத்தேன்.

“வந்தா உக்காரச் சொல்லி ஒரு காபி குடுப்பேன். அதுக்கு மேல ஒண்ணும் குடுக்க மாட்டேன்.”

ஜோஸ்லின் பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். “சீனி போட்டா, போடாமலா?”

“அவளைக் கேட்டுக்கிடுவோம்,” என்றேன்.